ஏழு மணிப் பதிவு

அவரைத் தெருவில் எல்லோரும் பாஸ்வேர்டு சார் என்றுதான் சொன்னார்கள். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கடைக்காரர் தன் கடைப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் தெரியவந்ததும், மருந்து வாங்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவரை உலுக்கி எடுத்துவிட்டாராம். "உங்க பாஸ்வேர்ட பலகையில எழுதி, அதுக்கு மேல விளக்கு வேற போட்டு வெச்சிருக்கீங்களேய்யா!" என்று கத்தினாராம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

நான் போனபோது கத்துகிற ஆளாக அவர் இல்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, ஒரு வாக்கரைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் ஊரின் மறுகோடியில் குடும்பத்தோடு இருந்தான். வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தது அவன்தான். நான் நர்ஸ் இல்லை, நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். இருந்தாலும் போகிற வீட்டிலெல்லாம் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதில் அதைத் திருத்திக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

வீடு மாடியில் இருந்தது. கீழே தையல்கடை. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், அதில் ஒரு குழாய். கட்டிலுக்கு எதிரில் மேசை, அதில் இரண்டு திரைகள். பின்னால் ஓடும் ஒவ்வொரு ஒயருக்கும் துணிநாடா கட்டி, எது எதனுடையது என்று எழுதி வைத்திருந்தார். இவ்வளவு ஒழுங்கான ஆள் மனைவியின் அலமாரிக் கதவை மட்டும் விட்டுவிட்டார். கதவின் உட்புறத்தில் அந்த அம்மா தன் பாஸ்வேர்டைத் தடித்த மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் வீட்டில் இப்படி. துண்டு எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். அவர் அதைக் கிழிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நோயாளி என்ற முறையில் அவர் தொந்தரவே கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கையைத் தூக்குங்கள் என்றால் தூக்குவார். இறக்கச் சொல்லும்வரை கை அப்படியே நிற்கும். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவார், பிறகு ஸ்பூன் கையில் இருப்பதே மறந்துபோகும்.

"வலிக்குதா சார்?"

"இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்."

வலியை மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவர் மறைக்கவில்லை. உடம்பு யாருடையதோ என்பது போல் இருந்தார்.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். காலை ஏழு மணிக்கு நான் அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி முதுகு துடைப்பேன். சரியாக அந்த நேரத்தில் தலையணைக்கு அடியில் போன் அதிர ஆரம்பிக்கும். விட்டு விட்டு அரைமணி நேரம் அதிரும். அவர் எடுக்க மாட்டார். நான் எடுத்துக் கொடுத்தால் குப்புறக் கவிழ்த்து வைப்பார்.

தையல்கடை நடத்திக்கொண்டு அங்கேயே குடியிருக்கிற பெண் மதிய வேளையில் மேலே வருவாள். அவர் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவாள், பேச்சும் குறையாது.

"அக்கா, இன்னிக்கி சார் எழுதினதப் படிச்சீங்களா? சிரிச்சுச் சிரிச்சு காஜா எடுக்கிற இடத்துல மிஷின் ஓடிடுச்சு."

"என்ன எழுதினாரு?"

போனை நீட்டி வாசித்தாள். "குரல் செய்தி அனுப்புகிறவர்கள் இரண்டு வகை. யோசித்துவிட்டுப் பேசுகிறவர்கள், பேசிக்கொண்டே யோசிக்கிறவர்கள். முதல் வகையை நான் இன்னும் சந்திக்கவில்லை."

"இத எப்ப எழுதினாராம்?"

"இன்னிக்கிக் காலையில. ஏழு மணிக்குன்னு மேலயே போட்டிருக்கே."

"ஏழு மணிக்கு நான் அவருக்கு முதுகு துடைச்சிட்டு இருந்தேன்."

"கையாலதானக்கா எழுதுறாரு? முதுகாலயா எழுதுறாரு?"

அவள் கீழே போனதும் நான் மேசையைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து துவைத்த துண்டுகளை மடித்து அந்தக் கீபோர்டின் மேல்தான் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் அவர் அதை எடுக்கச் சொன்னதில்லை. போய்க் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"காலையில உங்க பேர்ல யார் சார் எழுதுறது?"

"நான்தான். முன்னாடியே எழுதினது. வரிசையில போட்டு வெச்சிருக்கேன். தினம் ஏழு மணிக்கு ஒண்ணு அதுவாவே போயிடும்."

"முன்னாடின்னா எப்ப?"

"அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. உள்ள விடுற நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் பெஞ்சுல சும்மா உக்காந்திருக்கணும். எழுதிக்கிட்டே இருந்தேன். ரொம்ப நாள் இருந்தா இல்ல? நெறையச் சேர்ந்துபோச்சு."

"அவங்க போனதுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் எழுதல. எழுதத் தேவையும் படல. அதுதான் போயிக்கிட்டிருக்கே" என்றார்.

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அதற்குப் பிறகு தையல்காரியிடம் சொல்லி என் போனிலும் அவர் எழுதுகிற இணையத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். கவனிக்கப் போகிற ஆளைத் தெரிந்துகொள்வது என் வேலை. ஆள் படுத்துக் கிடந்தால் அவர் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். படிக்கப் படிக்க, தெருக்காரர்கள் சொன்ன அந்த மனிதரைக் கண்டேன். எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தார். 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பொத்தான் கட்டைவிரல் அளவுக்கு இருப்பதும், 'மறுக்கிறேன்' என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதும் தற்செயல் இல்லை என்று நாலு பத்தி எழுதியிருந்தார். இலவசமாகக் கிடைக்கிற ஆப் எதுவும் இலவசம் இல்லை, ஆனால் காசு வாங்குகிற ஆப் எல்லாம் யோக்கியம் என்றும் நினைக்க வேண்டாம் என்றார். குடும்பக் குழுக்களில் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்களை அவர் திட்டவில்லை. அது பெரியவர்களின் வருகைப் பதிவு, அதைத் தடுக்காதீர்கள், சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள் என்றிருந்தார். முன்கூட்டிக் கேட்காமல் போன் அடிப்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்காருவதே அதைவிட மேல் என்று ஒரு பதிவு முழுக்க அதைப் பற்றியே.

தளத்தின் உச்சியில் இரண்டு விதிகளைப் போட்டிருந்தார். தான் மூன்று மாதம் பயன்படுத்திப் பார்க்காத எந்தக் கருவியைப் பற்றியும் எழுதுவதில்லை. எழுதியதில் தப்பு இருந்தால் அதைச் சத்தமில்லாமல் அழிப்பதில்லை. தப்பின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே திருத்தம் எழுதி, தப்பு எப்படி நேர்ந்தது என்ற காரணத்தையும் எழுதுவது. பழைய பதிவுகளில் அப்படிச் சில திருத்தங்களைப் பார்த்தேன். "காரணம்: நிறுவனம் சொன்னதை நம்பினேன்." "காரணம்: கண்ணாடி போடாமல் படித்தேன்." "காரணம்: கர்வம்." இந்த மாதிரி.

முன்பெல்லாம் வாசகர்கள் எழுதுவதற்கு ஒருவர் விடாமல் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷமாகப் பதில் இல்லை. பெரிய ஆளாகிவிட்டார் என்று சிலர் குத்திக்காட்டியிருந்தார்கள்.

அவர் விழுந்த கதையும் எனக்கு வேறு மாதிரிதான் சொல்லப்பட்டிருந்தது. காலையில் பதிவு போட்டுவிட்டுக் குளிக்கப் போனார், வழுக்கி விழுந்தார், கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். தையல்காரியோ ஒரு நாள் காலர் தைத்துக்கொண்டே வேறொன்று சொன்னாள்.

"முந்தின நாள் ராத்திரியே கூரையில இருந்து சொட்ட ஆரம்பிச்சிடுச்சுக்கா. சார் துணி ஊற வெக்கிறாரு போலன்னு அடியில பக்கெட்ட வெச்சுட்டுப் படுத்துட்டேன். காலையில பாத்தா பக்கெட் வழிஞ்சு தைக்க வந்த துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. சண்டை போடலாம்னுதான் மேல போனேன்."

"காலையிலன்னா எத்தன மணிக்கு?"

"கடை தொறந்து, தண்ணி எறைச்சு, எல்லாம் ஆனப்புறம். போறதுக்கு முன்னாடி போன்ல பாத்தேன், சார் பதிவு போட்டிருந்தாரு. சரி, முழிச்சுதான் இருக்காரு, நல்லா கேட்டுடலாம்னு போனேன்."

அவள் மிஷினை ஓட்டினாள்.

அன்றைக்கு வந்த பதிவைத் தேடிப் பார்த்தேன். புதிய பிரவுசரில் டேப்களைக் குவித்து வைக்கிறவர்களைப் பற்றியது. நல்ல பதிவு. அதன் கீழே மகன் சிரித்த முகம் போட்டிருந்தான். அந்த நேரத்தில் அவர் திறந்திருந்த குழாய்க்குக் கீழே, ஈரத் தரையில், முந்தின மாலையிலிருந்து கிடந்திருக்கிறார்.

மகன் கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான், பழம் வாங்கி வருவான், அப்பாவின் கால் நகத்தைக்கூட வெட்டிவிடுவான். அந்த ஞாயிறு வந்தவன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். வேலையில் தூர ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. மாத முடிவில் குடும்பத்தோடு கிளம்புகிறான்.

"நீங்களும் இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம் சிஸ்டர். அப்பா தேறிட்டாரு."

"தேறல தம்பி. கழிப்பறையில உக்காந்தா அவரால தனியா எந்திரிக்க முடியல. நான் தட்ட முன்னால வெக்கலன்னா அவருக்குப் பசிக்கிறதே இல்ல."

"அது கொஞ்சம் சோம்பல். இதப் பாருங்க." போனை எடுத்துக் காட்டினான். அன்றைய பதிவு. "இவ்வளவு கூர்மையா எழுதுற மனுஷனுக்குப் பக்கத்துல ஆள் எதுக்கு? தெனம் பஸ்ல போறப்ப முதல்ல இதத்தான் பாக்கறேன். பாத்தாலே தெரிஞ்சிடும், நல்லாத்தான் இருக்காருன்னு."

உள்ளே போய் அப்பாவையே கேட்டான். "அப்பா, தனியா சமாளிச்சுப்பீங்கல்ல?"

"சமாளிச்சுக்கலாம்."

"சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிடறேன். கொண்டுவந்து கதவுகிட்ட வெச்சிடுவாங்க."

"சரி."

"வெள்ளிக்கிழமை வந்து சிஸ்டரோட எல்லாத்தையும் பேசி முடிச்சிடறேன்."

"சரிடா."

அவன் போனதும் கட்டிலருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நோயாளியின் விஷயத்தை அவர் முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொய்யாக ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள்.

"சார், நான் போயிட்டா என்ன ஆகும்னு தெரியுமா? மறுபடி விழுவீங்க. போன தடவ கீழ வீட்டுல தண்ணி சொட்டினதால பொழைச்சீங்க. ஏழு மணிக்குப் பதிவு வரும். உங்க பையன் அதுல சிரிச்ச மூஞ்சி போடுவாரு."

"ஆமா. நல்லா வேலை செய்யுது அது."

"வெள்ளிக்கிழமை உங்க பையன்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது."

"சொல்லுங்க சிஸ்டர். நான் தடுக்கல."

"நீங்க சொல்றதுல என்ன கஷ்டம்?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "கஷ்டம்னு ஒண்ணும் இல்ல. சொல்லணும்னும் இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

கோபம் வந்திருந்தால் பேசலாம். அழுதிருந்தாலும் ஏதாவது செய்யலாம். இதற்கு என்ன செய்வது? எழுந்து போய் சூப்பைச் சூடு பண்ணினேன்.

புதன்கிழமை தையல்காரி அவருடைய பைஜாமாக்களைக் கொண்டுவந்தாள். பக்கத் தையலைப் பிரித்து நாடா வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தேன்; தகடு வைத்த காலைத் தூக்காமல் உடுத்திவிடலாம். அளவு சரியா என்று பார்த்துக்கொண்டே அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"சார், ஒருத்தன் உங்களப் பொய்யன்னு எழுதியிருக்கான். நேத்திக்கிப் பதிவுக்குக் கீழ. நான் நல்லா திட்டிப் பதில் போடட்டுமா?"

"என்னவாம்?" என்றார். அது கேள்வி இல்லை, வழக்கமாக வருகிற சத்தம்.

அவள் வாசித்தாள். "ஐயா, கோப்புகளைப் பத்திரமாக வைக்க ஒரு தளத்தைச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள். உங்களை நம்பி எங்கள் நூலகத்துக்காக அங்கே போய்ப் பார்த்தேன். அதை மூடிப் பல மாதங்கள் ஆகின்றன. மூன்று மாதம் பயன்படுத்தாமல் எழுத மாட்டேன் என்று மேலே போட்டிருக்கிறீர்கள். இல்லாத கருவியை எப்படி ஐயா பயன்படுத்தினீர்கள்? உங்களையும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது."

அவர் தலையைத் திருப்பினார்.

"மூடிட்டாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"இன்னொரு தடவ வாசிம்மா."

வாசித்தாள். 'எப்படிப் பயன்படுத்தினீர்கள்' என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்தக் கையை உயர்த்தச் சொல்லி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நான் பயன்படுத்தினேன். அப்ப இருந்துச்சு" என்றார் எங்களைப் பார்த்து. பிறகு, "சிஸ்டர், அந்தத் துண்டையெல்லாம் எடுங்க."

எடுத்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் பின்னால் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டேன், இழுக்கவில்லை. கட்டிலிலிருந்து மேசை வரைக்கும் வழியில் எங்கும் நிற்காமல் போய்விட்டார். கம்ப்யூட்டரைப் போட்டால் அது ஒரு வருஷத்து அப்டேட்டையெல்லாம் சேர்த்துச் செய்ய உட்கார்ந்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இவனுங்களுக்கு எப்ப எதச் செய்யணும்னு ஒரு எழவும் தெரியாது" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். தையல்காரி என்னைப் பார்த்தாள்.

ஒருவழியாகத் திறந்தது. பதிவை எடுத்தார். அந்தத் தளத்தைப் பற்றி எழுதியிருந்த வரிகளின் மேல் கோடு போட்டார். கீழே 'திருத்தம்' என்று அடித்து, தளம் மூடப்பட்டுவிட்டதையும் வேறு எங்கே போகலாம் என்பதையும் எழுதினார். வேகமாகத்தான் எழுதினார். அடுத்த வரியில் 'காரணம்' என்று போட்டு, 'கவனக்குறைவு' என்று அடித்தார். அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அவ்வளவுதான் சார், அனுப்பிடுங்க" என்றாள் தையல்காரி.

"அது காரணம் இல்லையேம்மா."

"யாரு சார் அதெல்லாம் பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன்ல?"

'கவனக்குறைவு' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தார். நாற்காலி வழுக்காமல் இருக்க நான் அதன் கால்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இவ்வளவு எழுதியிருந்தார்:

"காரணம்: இந்தப் பதிவு நேற்று எழுதப்பட்டதல்ல. என் மனைவி மருத்துவமனையில் இருந்தபோது எழுதியது. அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு இங்கே வந்த எல்லாப் பதிவுகளும் அப்போது எழுதியவையே. ஒரு வருடமாக நான் எதையும் எழுதவும் இல்லை, பயன்படுத்திப் பார்க்கவும் இல்லை. நான் குளியலறையில் விழுந்து இரவெல்லாம் கிடந்ததற்கு மறுநாள் காலையும் சரியாக ஏழு மணிக்குப் பதிவு வந்தது. பதிவுகளைத் தானாக அனுப்பும் இந்தக் கருவியை முன்பு பாராட்டி எழுதியிருக்கிறேன். அதன் குறையை அப்போது எழுதவில்லை. ஆள் இருக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை."

ஒரு தடவை படித்தார். 'பார்ப்பதில்லை' என்பதற்குப் பின் விட்டிருந்த கூடுதல் இடைவெளியை எடுத்தார். அனுப்பினார். பிறகு வரிசையில் காத்திருந்த மிச்சப் பதிவுகளையெல்லாம் நிறுத்தி வைத்தார். அழிக்கவில்லை.

"படுக்கணும் சிஸ்டர்."

"வலிக்குதா?"

"வலிக்குது."

வந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் நேரான பதில். மாத்திரை கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே மகன் வந்துவிட்டான். அலுவலகத்து அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ராத்திரியெல்லாமாப்பா?"

"ஆமா."

"காலையிலன்னு சொன்னீங்க."

"நீதான் சொன்ன. பதிவு போட்டுட்டுக் குளிக்கப் போனீங்களான்னு கேட்ட. ஆமான்னேன்."

"ஏம்பா?"

"நீ அப்படி நெனச்சுக்கிட்டு வந்திருந்த. மாத்தணும்னு தோணல."

அவன் என்னிடம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும். வெள்ளிக்கிழமை சொல்றதா அவருகிட்டயே சொல்லியிருந்தேன்."

"சொல்லியிருந்தாங்க" என்றார் அவர்.

மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கி நான் அதுல சிரிச்ச மூஞ்சி போட்டேம்பா."

"பாத்தேன். நல்ல பதிவுதான் அது."

வேறு வீடாக இருந்தால் இந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். இவர்கள் இருவரும் எதிரிலிருந்த திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வாசகர்கள் இரங்கலும் கோபமுமாக எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று தையல்காரி பிறகு சொன்னாள். அந்த நூலகர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருந்தாராம். சார் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. மகன் அந்த அதிர்வை நிறுத்தி வைத்தான்.

அதன் பிறகு சமையலறையில் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எழுந்திருப்பது, சாப்பிடுவது, தூக்கம். இது சோம்பல் இல்லை, இதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள், காட்ட வேண்டும் என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. மாற்றலை அவனால் தள்ளிப்போட முடியவில்லை, போய்த்தான் ஆக வேண்டும். அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போகலாமா என்று கேட்டான். அவரையே கேளுங்கள் என்றேன்.

"இங்கயே இருக்கேன்" என்றார். இந்தத் தடவை 'சரி' என்று சொல்லவில்லை.

அதனால் நான் போகவில்லை. கழிப்பறையில் சுவரோடு பிடிகம்பி வைத்தார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய நாளாகும் என்றார், நாளாகிக்கொண்டிருக்கிறது. அவர் இப்போது தானாக எழுந்து உட்காருகிறார். ஸ்பூன் பாதியில் நிற்கிற நாளும் உண்டு. முன்னைவிடக் குறைவு. மனைவியின் அலமாரிக் கதவில் அந்த பாஸ்வேர்டு இன்னும் இருக்கிறது. தளத்தில் அவ்வப்போது எழுதுகிறார். நாலு வரி, ஐந்து வரி. முன்பு போலச் சிரிப்பு வருவதில்லை என்று தையல்காரிக்குக் குறை. "பழசே போட்டிருக்கலாம்க்கா" என்கிறாள்.

பல நாள் எதுவும் எழுதுவதில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும், காலை ஏழு மணிக்கு, நான் முதுகு துடைத்துக்கொண்டிருக்கும்போது, போன் அடிக்கிறது. அதிர்வில்லை, மணியே அடிக்கிறது. மகன்தான். முன்கூட்டிக் கேட்பதில்லை.

அவருக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே சுவர்ப் பக்கத்திலிருந்து கையை நீட்டுகிறார். சோப்புக் கையோடு நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

"இருக்கேன்டா" என்கிறார். "சிஸ்டர் முதுகு துடைக்கிறாங்க. அப்புறம் பேசு."